சிங்ஹாவ்: டீ போட்டால் மலேரியா போகுமா?

கே: ஆன்லைனில் ‘ஆர்ட்டிமிசியா டீ’ விற்கிறார்கள். சீனாவில் சிங்ஹாவ் என்கிற செடிதானாம். மலேரியா வராமலிருக்க தினமும் ஒரு டம்ளர் குடிக்கலாமா?

ப: வேண்டாம். மலேரியாக் கிருமியைக் கொல்வது அந்தச் செடியிலுள்ள ஆர்ட்டிமிசினின். காய்ந்த இலையில் அது பெரும்பாலும் ஒரு சதவீதம்கூடத் தேறாது, செடிக்குச் செடி மாறும், தண்ணீரிலும் சரியாகக் கரையாது. உங்கள் டம்ளரில் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கும் கிருமிகள்தான் பிறகு மாத்திரைக்கும் அடங்காமல் போகும். உலக சுகாதார நிறுவனமும் இந்த டீயை ஏற்கவில்லை.

கே: அப்படியென்றால் சீனர்கள் காலங்காலமாகக் குடித்தது பொய்யா?

ப: பொய்யில்லை. ஆனால் 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கோ ஹோங் எழுதி வைத்த முறையைப் பாருங்கள்: ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும். அடுப்பே கிடையாது!

வியட்நாம் போர்க்காலத்தில், 1967 மே 23 அன்று, சீனா மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். அதில் வேலை பார்த்த விஞ்ஞானி தூ யூயூவுக்கு சிங்ஹாவ் சாறு ஒருமுறை பலித்தது, மறுமுறை கைவிட்டது. கோ ஹோங்கின் வரியைத் திரும்பப் படித்தபோதுதான், சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆவது மாதிரி, எலிகளின் மலேரியாவை முழுக்க ஒழித்தது. அப்புறம் அவரும் சகாக்களும் அதைத் தாங்களே சாப்பிட்டுச் சோதித்தார்கள். 2015இல் நோபல் பரிசு.

கே: மலேரியாவுக்கு ஆர்ட்டிமெதர்-லூமிஃபேன்ட்ரின் மாத்திரையைப் பாலோடு சாப்பிடச் சொன்னார்கள். ஏன்?

ப: கொழுப்பு இருந்தால்தான் லூமிஃபேன்ட்ரின் உடம்பில் சேரும். ஆர்ட்டிமிசினினிலிருந்து செய்யும் ஆர்ட்டிமெதர், கிருமிகளை மளமளவென்று குறைத்துவிட்டுச் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். மிச்சத்தைத் தீர்ப்பது கூட்டாளி மருந்தான லூமிஃபேன்ட்ரின். மூன்று நாளில் மொத்தம் ஆறு வேளை. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதென்று பாதி அட்டையை அலமாரியில் போட்டு வைக்காதீர்கள்.

கே: நம்ம மரிக்கொழுந்தும் இதே இனமாமே?

ப: ஆமாம், ஒன்றுவிட்ட சொந்தம். மாசிப்பத்திரியும் அப்படித்தான். மருந்துக்கு ஆர்ட்டிமிசினின் எடுப்பது ஆர்ட்டிமிசியா ஆனுவா என்கிற சிங்ஹாவிலிருந்துதான். மரிக்கொழுந்தைத் தலையில் வையுங்கள், போதும்.

கே: புற்றுநோய்க்கு ஆர்ட்டிமிசினின் உதவுமா?

ப: ஆய்வுக்கூடத்துச் செல்களில் சோதித்திருக்கிறார்கள். அதை நம்பி சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

கே: மூட்டுவலிக்குச் சீன வைத்தியர் மூலிகைச் சுருட்டைக் கொளுத்திச் சூடு காட்டுகிறாரே, அது சிங்ஹாவா?

ப: இல்லை, அது மாக்ஸா, ஆர்ட்டிமிசியா ஆர்ஜி என்ற வேறு செடி. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் கிட்டவே போக வேண்டாம், தோல் வெந்தாலும் தெரியாது.