காலுக்கடியில் நெருப்புக் கடலா? – வாசகர் கேள்விகள்

பூமிக்கு அடியில் முழுக்க நெருப்புக் குழம்புதானே சார்? எங்கள் தீவுக்குக் கீழேயும் கொதிக்கிறதா? (இராமேஸ்வரம்)

பாடப்புத்தகப் படங்கள் பார்த்த வேலை இது. மேலோட்டுக்குக் கீழே சிவப்பு மையைக் கொட்டிவிட்டார்கள். உண்மையில் சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் கிட்டத்தட்ட முழுதும் திடப்பாறை. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய சூட்டிலும், மேலே ஏறி நிற்கும் பாரம் அதை உருகவிடாது. உருகக் காரணம் வேண்டும். ஐஸ்லாந்தில் பாறை மேலெழுந்து வருவதால் அழுத்தம் தளர்கிறது. அந்தமான், சுமத்ரா பக்கம் கடல்தரை உள்ளே செருகிப்போய் நீரைச் சேர்க்கிறது. நீர் சேர்ந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். உங்கள் தீவுக்குக் கீழே இந்த இரண்டுமே நடக்கவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

உருகிய துளிகள் எப்படி ஒன்றுசேர்ந்து மேலே வருகின்றன? (தனுஷ்கோடி)

உங்கள் ஊர்க்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். அங்கே மணலைக் கையால் தோண்டினால் சற்று நேரத்தில் குழியில் நல்ல தண்ணீர் ஊறி நிற்குமே, அது மணலின் இடுக்குகளில் இருந்த நீர். கவசத்திலும் பாறை முழுசாக உருகுவதில்லை, நூற்றில் சில பங்குதான். அது படிகங்களின் இடுக்குகளில் கசிந்து ஒன்றோடொன்று சேரும். ஊற்று நீர் பள்ளம் தேடும். பாறைக்குழம்போ சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது என்பதால் மேலே ஏறும். பாரத்தில் படிகங்கள் நெருங்க நெருங்க, பிழிபட்டும் வெளியேறும்.

மேலோட்டில் இந்தக் கசிவு வேலைக்காகாது. பாறை அங்கே குளிர்ந்து விறைத்திருக்கும். குழம்பு தன் அழுத்தத்தாலேயே அதைப் பிளந்துகொண்டு போகவேண்டும். பிளவின் அகலம் சில மீட்டர்தான், நீளம் கிலோமீட்டர் கணக்கு. 2023 நவம்பர் 10 அன்று ஐஸ்லாந்தின் கிரின்டாவிக் ஊருக்கு அடியில் சுமார் 15 கி.மீ. நீளப் பிளவு சில மணி நேரத்தில் குழம்பால் நிரம்பியது. ஊரையே காலி செய்தார்கள். வழியில் வேகம் குறைந்தால் குழம்பு அங்கேயே உறைந்துவிடும். பெரும்பகுதிக்கு அந்தக் கதிதான்; தரையைத் தொடுவது கொஞ்சமே.

எரிமலைக்கு அடியில் குழம்புக் குளம் இருக்குமாமே? (தொண்டி)

குளம் என்பது பழைய படம். பெரும்பாலும் படிகங்களும் குழம்பும் கலந்த கெட்டிக் கலவைதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்கு அடியில், மேல் அடுக்கில் 16 முதல் 20 சதவீதமே உருகியிருப்பதாக 2022-இல் வெளியான ஆய்வு கணித்தது. அவ்வளவு குறைவாக உருகியிருந்தால் அது ஓடாது.

நம் மாவட்டத்தில் உறைந்த குழம்பைப் பார்க்க முடியுமா? (கீழக்கரை)

கரையில் முடியாது. இங்கே மணல், களிமண், பவளச் சுண்ணாம்புதான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் போங்கள். சமையல் மேடைக்குப் போடும் ‘கருப்பு கிரானைட்’ பலவும் பிளவில் உறைந்த குழம்பே. கடைக்காரர் என்ன சொன்னாலும் அது கிரானைட் இல்லை, டோலரைட். பலவற்றுக்கு 200 கோடி வயதுக்கு மேல். குவாரியில் பார்த்தால், பழைய பாறையை ஒட்டிய விளிம்பு சீக்கிரம் ஆறியதால் மணிகள் பொடியாகவும், நடுவில் பெரிதாகவும் இருக்கும்.

2004 சுனாமி எரிமலையால் வந்ததா? (தேவிபட்டினம்)

இல்லை. சுமத்ரா அருகே பூமியின் பெரும் பாறைத் தட்டுகள் சறுக்கிய நிலநடுக்கம்.

மிதக்கும் கல் எரிமலைக் கல்லா? (மண்டபம்)

இரண்டு விதம் உண்டு. நுரைக்கல் என்றால் எரிமலைச் சரக்கு. வாயுக் குமிழிகளோடு உறைந்த கண்ணாடி. இந்தோனேசியாவின் 1883 கிரகடோவா எரிமலை வெடிப்பின் நுரைக்கல் ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்து போனது. நன்கு காய்ந்த பவளத்துண்டும் உள்ளே காற்று இருந்தால் மிதக்கலாம். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள்: பவளம் பொங்கும், நுரைக்கல் சும்மா இருக்கும். கரையில் பொறுக்கிய கல்லில் மட்டும் செய்யுங்கள். மிதக்கும் கல் வைத்திருக்கும் கோயில் தொட்டியில் கைவைத்து அடி வாங்கினால் நான் பொறுப்பல்ல.