விண்டோஸ் 11-இல் திறக்காத பழைய கணக்கு மென்பொருள்: பதில்

வணக்கம். 32-பிட் விண்டோஸ் 10-ஐ நீக்கிவிட்டு விண்டோஸ் 11-ஐ நிறுவிய பின், 1995-இல் வாங்கிய கணக்கு மென்பொருள் “இந்தக் கணினியில் இயங்காது” என்ற செய்தியோடு நின்றுவிடுவதாகவும், இணக்கப் பயன்முறையை மாற்றிப் பார்த்தும் பலனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது 16-பிட் மென்பொருளாக, அதாவது 32-பிட்டுக்கும் முந்தைய தலைமுறைக் கணினிகளுக்காக எழுதப்பட்டதாக இருப்பதே பெரும்பாலும் காரணம். அத்தகைய நிரல்களை இயக்கும் துணைப்பகுதி விண்டோஸின் 32-பிட் பதிப்புகளில் மட்டுமே உண்டு. விண்டோஸ் 11 அவ்வடிவில் வெளிவரவே இல்லை. இணக்கப் பயன்முறை பழைய பதிப்பின் நடத்தையை ஓரளவு ஒத்திருக்கச் செய்யுமே தவிர, இல்லாத பகுதியைக் கொண்டுவராது.

வேறெதையும் தொடுமுன் தரவுக் கோப்புறை முழுவதையும் வெளிவட்டில் நகலெடுத்து வையுங்கள். இத்தனை ஆண்டுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது என்பதால் இதை வலியுறுத்திக் கேட்கிறேன். பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருளை (உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போல இயங்குவது) நிறுவி, அதனுள் உங்களிடம் உரிமம் உள்ள 32-பிட் விண்டோஸை அமைத்து, பழைய மென்பொருளை அங்கே இயக்குங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவே (பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட) 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், நிறுவல் முடிந்ததும் அந்த மெய்நிகர் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுவது நல்லது. மென்பொருள் திறந்தவுடன், பேரேடுகளைச் சிஎஸ்வி கோப்புகளாக (எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்புகள்) ஏற்றுமதி செய்ய வழியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த படியை அதைப் பொறுத்துச் சொல்கிறேன்.