பாசி அள்ள ஜேசிபி வேண்டாம்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் நீரோடி பக்கம் எங்கள் கரையில் ஒரு வாரமாகக் கடல்பாசி ஒதுங்கி நாறுகிறது. வள்ளம் ஏற்ற வழியில்லை. ஒருவர் வந்து, "ஊர்க் கமிட்டி கையெழுத்துப் போட்டால் ஜேசிபி வைத்து இலவசமாக அள்ளுகிறேன்" என்கிறார். சம்மதிக்கலாமா? இல்லை, நாங்களே அள்ளித் தென்னைக்குப் போடலாமா?

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜேசிபி பாசியை மட்டும் எடுக்காது, அடி மணலையும் சேர்த்தே வாரும். மணவாளக்குறிச்சியிலிருந்து கேரளத்துச் சவறா வரை இந்தக் கரையில் பல இடங்களில் இல்மனைட், மோனசைட் என்ற விலையுள்ள தாதுக்கள் கலந்த கருமணல்தான் கிடக்கிறது. இலவசமாக வருகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் தனியார் தாது மணல் அள்ளுவதை 2013-இலேயே நிறுத்தினார்கள். ஆனால் லாரி கேரள எல்லையிலுள்ள பொழியூரைத் தாண்டிவிட்டால் போனது பாசியா மணலா என்று யார் பார்ப்பது? கரீபியன் தீவுகளில் 2011 முதல் பாசி மலைமலையாக ஒதுங்குகிறது. அங்கும் கனரக இயந்திரம் இறங்கிய இடங்களில் மணல் போய்க் கரை அரித்தது. நம் கரைக்குத் தாங்குமா?

நாற்றத்துக்குக் காரணம், பாசி அழுகும்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடு. கண் எரியும், தலை வலிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகே போக வேண்டாம். இனி ஒதுங்கினால் இரண்டு நாளுக்குள் அள்ளிவிடுங்கள். வள்ளம் ஏற்றும் இடமும் கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும் இடமும் சுத்தமானால் போதும். மேட்டில் கிடப்பது மணலைப் பிடித்து வைக்கும், அதை விட்டுவிடுங்கள். பல் வைத்த வாரியால் இழுத்து, உதறி, கடவப் பெட்டியில் எடுங்கள். நைலான் வலைத்துண்டுகளை அப்போதே பொறுக்கிவிடுங்கள். பக்கத்திலுள்ள ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயில் மட்டும் கொட்டாதீர்கள்.

தென்னைக்குப் போடலாம். தென்னை உப்பைத் தாங்கும். ஆனால் மணற்பாங்கான, தண்ணீர் வடியும் நிலமாக இருக்க வேண்டும். களிமண் தாழ்வென்றால் உப்பு அங்கேயே தங்கிவிடும், அங்கே தென்னைக்கும் ஆகாது. இரண்டு மழையில் நனையவிட்டு, மரத்தின் மூட்டிலிருந்து தள்ளி, சுற்றியுள்ள தடத்தில் மெல்லப் பரப்புங்கள். வாழைக்கு வேண்டாம். கீரைக்கும் ஆட்டுக்கும் கூடவே கூடாது, பழுப்புப் பாசியில் ஆர்சனிக் சேர்ந்திருக்கும்.

கூலிக்கு ஆள் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும், அதற்குள் பாசி அழுகிவிடும். வருஷா வருஷம் இதே கதை. அதனால் ஆனி பிறப்பதற்கு முன்பே கொடுத்து, ரசீது வாங்குங்கள். மனுவில் "கையால் பாசி அகற்ற" என்றே எழுதுங்கள். "கரையைச் சீரமைக்க" என்று எழுதினால், அந்த ஒரு வார்த்தையைக் காட்டியே ஜேசிபியை இறக்கிவிடுவார்கள்.