ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் இருக்கும் பெரிய திருகு எதற்கு?

உயரம் மாற்றும் லிவர் புரிகிறது, இருக்கைக்கு அடியில் முன்பக்கம் இருக்கும் உருண்டைத் திருகுதான் புரியவில்லை என்கிறீர்கள். அது சாய்வின் இறுக்கத்துக்கு. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்தி, உங்கள் எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

சாய்வுப் பூட்டைத் திறந்துவிட்டு (பல மாடல்களில் அதே லிவரை வெளியே இழுத்தால் போதும்) மெல்லச் சாயுங்கள். முதுகுப்பகுதி சட்டென்று பின்னால் போனால் வலப்பக்கம் திருகி இறுக்குங்கள். காலால் உந்தினால்தான் சாய்கிறது என்றால் தளர்த்துங்கள். ஒரு சுற்றில் வித்தியாசம் தெரியாது. பல சுற்று வேண்டும். இங்கேதான் பலர் 'திருகு கெட்டுப்போச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். திருகும்போது நிமிர்ந்தே இருங்கள், சாய்ந்திருந்தால் கடினமாக இருக்கும்.

உட்கார்ந்ததும் நாற்காலி தானாக இறங்கினால் இந்தத் திருகால் பயனில்லை. இருக்கையை உயர்த்தித் தாங்கும் கேஸ் சிலிண்டரின் (நடுத்தண்டில் இருக்கும் வாயுக் குழாய்) சீல் போயிருக்கும். சிலிண்டரையே மாற்ற வேண்டும்.