தக்காளி பச்சையாகவே வாடுகிறதா? மருந்துக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர்

கேள்வி: நட்டு 40 நாள் ஆன தக்காளி. பூவும் பிஞ்சுமாக இருந்த செடிகள் ஒவ்வொன்றாகத் தொங்கிப்போகின்றன. தண்ணீருக்குக் குறைவில்லை. பூஞ்சாணக்கொல்லி இரண்டு முறை தெளித்தும் நிற்கவில்லை. அடுத்து என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் அடிக்காதீர்கள். வாடல் என்பது ஒரே நோயல்ல. பாக்டீரியாவாலும் வரும், பூஞ்சாணத்தாலும் வரும், வேர் அழுகினாலும் வரும். எது என்று தெரியாமல் தெளித்தால் காசும் போகும், நாளும் போகும்.

முதலில், அன்றைக்குத்தான் வாடத் தொடங்கிய செடி ஒன்றைப் பிடுங்குங்கள். தூருக்குச் சற்று மேலே, இரண்டு மூன்று அங்குலத் தண்டுத் துண்டைக் கூரான கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, துண்டின் அடிமுனை மட்டும் நனையும்படி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டக் கூடாது. பின்னால் கறுப்புத் துணி இருந்தால் நன்றாகத் தெரியும். சில நிமிடங்களில் வெட்டிய முனையிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் கீழ்நோக்கி இறங்கினால், அது பாக்டீரியா வாடல்.

இழை வராமல், தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறது, அடி இலைகள் முன்பே மஞ்சளாகியிருந்தன என்றால் பியூசேரியம் பூஞ்சாண வாடலைச் சந்தேகிக்கலாம். தூரில் வெண்ணிற நூலிழையும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் அது தண்டழுகல். வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நூற்புழு துளைத்த வேரில் மற்ற நோய்கள் எளிதாகப் புகும்.

இலை பச்சையாக இருக்கும்போதே வாடுகிறது, பூஞ்சாணக்கொல்லியும் கேட்கவில்லை என்பதால் உங்கள் வயலில் பாக்டீரியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராலஸ்டோனியா என்ற இந்தக் கிருமி மண்ணிலிருந்து வேர்க்காயம் வழியாக ஏறி, நீர் கடத்தும் குழாய்களை அடைத்துவிடும். இலையில் தெளிப்பது அங்கே போய்ச் சேராது. ஆன்டிபயாடிக் ஊற்றச் சொல்வார்கள். வாடிய செடியை அதுவும் மீட்காது. நிற்கும் செடிகளைக் காப்பாற்றுவதுதான் வேலை.

வாடியதை வேர்மண்ணோடு சாக்கில் போட்டு வெளியேற்றி எரியுங்கள். எருக்குழியில் போடவே கூடாது. நோய் கண்ட பாத்தியைத் தொட்டு வரும் தண்ணீர் மற்ற பாத்திக்குப் போகாதபடி மடை மாற்றுங்கள். இந்த நோய் வயலில் பரவுவது பெரும்பாலும் தண்ணீரோடுதான். கொத்துவதை நிறுத்தி, களையைக் கையால் எடுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

பூஞ்சாணம் என்றால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியைக் கலந்து, சுற்றியுள்ள நல்ல செடிகளின் தூர் நனைய ஊற்றலாம்.

அப்புறம், அடுத்த பயிர். பாக்டீரியா வாடல் வந்த நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். இஞ்சியும் நிலக்கடலையும்கூட இந்தக் கிருமிக்கு இடம் கொடுப்பவை. மக்காச்சோளமோ சோளமோ போடுங்கள். தக்காளிதான் வேண்டுமென்றால் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை நடுங்கள். அந்த வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும். ஒட்டுப்பகுதி மட்டும் எப்போதும் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மண் அணைக்கும்போது அது மூடிவிட்டால் தக்காளித் தண்டே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும்.