உதவித்தொகை பருவத்துக்கு ஒருமுறை, வாடகை மாதாமாதம்

உதவித்தொகை பருவத் தொடக்கத்தில் மொத்தமாக வருகிறது, வாடகை 1ஆம் தேதி, பகுதிநேர வேலைச் சம்பளம் 7ஆம் தேதி, அதனால் மாதாமாதம் தாமதக் கட்டணம் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிக்கல் தேதியில்தான் இருக்கிறது. வாடகைத் தேதியை 10ஆக மாற்ற முடியுமா என்று வீட்டு உரிமையாளரிடம் இப்போதே கேளுங்கள், அடுத்த தவணை தாண்டும்வரை காத்திருக்க வேண்டாம். சம்மதித்தால் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உதவித்தொகை வந்த அன்றே, பருவம் முழுவதற்குமான வாடகையில் சம்பளத்தால் கட்ட முடிந்ததைக் கழித்துவிட்டு, மீதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்குக்கு அட்டையே வேண்டாம். விடுமுறை மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் 12 மாதம் என்றால், ஊருக்குப் போயிருந்தாலும் வாடகை உண்டு.

கடன் அட்டையில் பணம் எடுத்துக் கட்டலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லா அவகாசம் பணமாக எடுக்கும்போது பொதுவாகக் கிடைக்காது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் வேறு. அதைவிட உங்கள் பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் விசாரியுங்கள். பல இடங்களில் அவசர நிதியோ குறுகிய காலக் கடனோ கொடுக்கிறார்கள். கூச்சமே வேண்டாம், அது உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்திருப்பது.

அப்புறம், அறைத்தோழரும் தாமதிக்கிறார் என்றீர்களே, ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கூட்டுப் பொறுப்பு என்று இருந்தால் அவர் கட்டாத பங்கையும் உங்களிடமே கேட்கலாம். அவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.