சகேமொன்: மீதி இரண்டு எங்கே?

சகேமொன் என்பது ஜப்பானில் பெண் குழந்தைக்காக ஒரு வளையத்திலிருந்து தொங்கவிடும் துணிப் பொம்மைச் சரங்கள். மொத்தம் 51 என்கிறார்களே, சரங்களில் 49 தானே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். மீதி இரண்டும் சரத்தில் வராது. வளையத்தின் நடுவில், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் இரண்டு பெரிய நூல் பந்துகள்தான் அவை. 7 சரம், சரத்துக்கு 7 பொம்மை, ஆக 49, பந்துகளோடு 51. நீங்கள் எண்ணியது சரிதான்.

குழப்பம் இனாதோரி ஊரின் தொங்கும் பொம்மைப் படங்களைப் பார்த்ததால் வந்திருக்கும். ஷிசுவோகாவில் உள்ள அந்த ஊரில் 5 சரம், சரத்துக்கு 11, மொத்தம் 55. அதை ஜோடியாகத்தான் தொங்கவிடுவார்கள். நீங்கள் செய்வது ஃபுகுவோகாவின் யானகாவா வகை. கையிலிருக்கும் மாதிரிப் படத்தில் முதலில் சரங்களை எண்ணுங்கள், பொம்மைகளை அப்புறம் பார்க்கலாம்.

51 ஏன் என்றால், ஆயுள் ஐம்பது என்றிருந்த காலத்தில் பெண் குழந்தை அதற்கு மேலும் ஒரு வருடமாவது வாழட்டும் என்ற ஆசை. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் கவனம்: பந்துகளை நடுவில் கட்டாமல் ஓரச் சரத்தில் சேர்த்தால் வளையம் ஒருபக்கம் சாயும். பஞ்சு அதிகம் அடைத்த பொம்மைகளையும் எதிரெதிர் சரங்களில் பிரித்துக் கட்டுங்கள். நேரில் பார்க்கப் போவதானால், யானகாவாவில் விழா வழக்கமாக பிப்ரவரி 11 முதல் ஏப்ரல் 3 வரை. இனாதோரியில் மார்ச்சோடு முடிந்துவிடும்.